பாய்லர் சூட்டையும் தண்ணீரையும் திரும்பப் பிடிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி சிறு ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் ஒரு சிறிய துணிச் சாய ஆலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். மணிக்கு இரண்டு டன் ஸ்டீம் தரும் பாய்லர். எரிபொருள் சவுக்கு விறகு. வீணாகும் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் வேலையை முடிக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. வரிசையாகச் செய்திருந்தால் ஐந்து மாதத்தில் முடித்திருக்கலாம். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தக் காகிதம் எப்போது வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் இந்தத் தாமதம். இனி தொடங்குகிறவர்கள் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் அளக்காமல், ஒரு விற்பனையாளர் காட்டிய கணக்கை நம்பி எகனாமைசர் (புகையின் சூட்டால் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) வாங்கினோம். தேவையான சான்றிதழ்கள் அதனுடன் வரவில்லை. பாய்லர் அலுவலகத்தில் முன்அனுமதியும் நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஏழு மாதம் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதே ஏழு மாதமும் 90 டிகிரி கண்டன்சேட் (ஸ்டீம் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மாறும் தண்ணீர்) எங்கள் கண் முன்னாலேயே வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒரு தொட்டியும் பம்பும் குழாயும் போதும்.

## 1. இரண்டு வாரம் அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். தினமும் இவற்றை எழுத வேண்டும்: பாய்லருக்குள் போன தண்ணீர், எரித்த விறகின் எடை, ஃபீட் டேங்க் (பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி) தண்ணீரின் சூடு, புகைக்கூண்டில் புகையின் சூடு, பாய்லர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்).

ஸ்டீம் மீட்டர் விலை அதிகம். இந்தக் கட்டத்தில் தேவையில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் வெந்நீருக்கு ஏற்ற தண்ணீர் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். உள்ளே போன தண்ணீரில் ப்ளோடவுனை (உப்பு ஏறாமலிருக்கப் பாய்லரிலிருந்து திறந்துவிடும் தண்ணீரை) கழித்தால் ஸ்டீம் அளவு கிடைத்துவிடும். விறகை லாரி எடைச்சீட்டை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். மழைக்கால விறகில் ஈரம் அதிகம், அதே எடைக்குச் சூடு குறைவு. தை மாதக் கணக்கையும் கார்த்திகை மாதக் கணக்கையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இந்த வேலையில் பாய்லர் ஆபரேட்டரை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எந்த மெஷின் ஸ்டீம் இழுக்கிறது, எந்த டிராப் (ஸ்டீமைத் தடுத்துக் கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வு) எப்போதும் சூடாகவே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் சொன்ன இரண்டு விஷயங்கள் பிறகு வந்த எரிசக்தித் தணிக்கை அறிக்கையில் முதல் இரண்டு பரிந்துரைகளாக இருந்தன.

## 2. சூடு எங்கே இருக்கிறது, யாருக்கு வேண்டும்?

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் சூட்டை வெளியே விடும் இடங்களை எழுதுங்கள்: கண்டன்சேட், புகை, ப்ளோடவுன், சாய மெஷின்களைக் குளிர்விக்கும் தண்ணீர், சூடான கழிவுநீர், ஏர் கம்ப்ரசர். வலது பக்கம் சூடு தேவைப்படும் இடங்கள்: ஃபீட் டேங்க், சாயத் தொட்டிக்கான வெந்நீர், வெந்நீர் அலசல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை டிகிரி, எத்தனை லிட்டர், எந்த நேரம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

நேரம்தான் பலருக்கும் விட்டுப்போகிறது. காலை பத்து மணிக்குச் சூடு வெளியேறி, மதியம் இரண்டு மணிக்குத்தான் அது தேவைப்படுகிறது என்றால் நடுவில் சூடு வெளியே போகாதபடி காப்பு போட்ட தொட்டி ஒன்று வேண்டும். அந்தத் தொட்டிக்கு இடமும் பணமும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தூரமும் முக்கியம். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் நல்ல சூட்டைவிடப் பத்து மீட்டரில் இருக்கும் சுமாரான சூடே லாபம்.

## 3. ஸ்டீம் டிராப்களை முதலில் சரிசெய்யுங்கள்

திறந்த நிலையில் பழுதான டிராப்புக்கு 3 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோ ஸ்டீம் வீணாகும். நாள் முழுக்க ஓடினால் 600 கிலோ. ஒரே டிராப்பில்!

எல்லா டிராப்களுக்கும் எண் போட்டு ஒரு பட்டியல் செய்யுங்கள். டிராப்புக்குப் பிறகு திறந்து பார்க்க வழி இருந்தால் பாருங்கள். விட்டுவிட்டு வெள்ளையாகப் பொங்கும் ஆவி ஃப்ளாஷ் ஸ்டீம், அதாவது அழுத்தம் குறைந்ததும் சூடான கண்டன்சேட்டிலிருந்து எழுவது; அது இயல்பு. குழாய் வாயை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விட்டு, சீறிக்கொண்டே வருவது உயிர் ஸ்டீம், அதாவது பயன்படாமல் நேராகத் தப்பி வரும் பாய்லர் ஸ்டீம். அந்த டிராப் போய்விட்டது. கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். டிராப்களைச் சரிசெய்யாமல் கண்டன்சேட் குழாய் போட்டால், பழுதான டிராப்பின் ஸ்டீம் அந்தக் குழாயில் எதிர் அழுத்தம் ஏற்றி நல்ல மெஷின்களையும் கெடுத்துவிடும்.

## 4. கண்டன்சேட்: இங்கேதான் பெரிய லாபம்

எங்கள் கணக்கையே போடுகிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 24 டன் ஸ்டீம். அதில் 14 டன் 85 டிகிரியில் கண்டன்சேட்டாகத் திரும்புகிறது. வெளியிலிருந்து எடுக்கும் தண்ணீர் 30 டிகிரி. ஆக, ஒவ்வொரு கிலோவிலும் 55 கிலோகலோரி மிச்சம். மொத்தம் 7,70,000 கிலோகலோரி. ஒரு கிலோ சவுக்கிலிருந்து ஸ்டீமாகப் பயன்படுவது சுமார் 2,300 கிலோகலோரி என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 335 கிலோ விறகு மிச்சம். விறகு கிலோ 6 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். ஃபீட் தண்ணீர் ஒவ்வொரு 6 டிகிரி சூடாகும்போதும் எரிபொருளில் 1 சதவீதம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கணக்கும் அதை ஒட்டியே வந்தது.

தண்ணீர்க் கணக்கு இதைவிட முக்கியம். நம் பகுதி கடலோரம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், அதனால் டி.டி.எஸ். குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாஃப்ட்னர் கடினத்தன்மையை மட்டும்தான் எடுக்கும், கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்துவிட்டுப் போகும். மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ். 500, பாய்லருக்குள் அனுமதிக்கும் அளவு 3,500 என்றால், 24 டன் ஸ்டீமுக்கு 4 டன் ப்ளோடவுன் செய்தாக வேண்டும். ஆக, 28 டன் புதுத் தண்ணீர். ஆனால் கண்டன்சேட் என்பது கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர். அது 14 டன் திரும்பினால் ப்ளோடவுன் 1.7 டன்னாகக் குறைகிறது, புதுத் தண்ணீர் 12 டன்னுக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 16,000 லிட்டர் நிலத்தடி நீர் மிச்சம். கிணற்று நீர் வருடத்துக்கு வருடம் உப்பாகிக்கொண்டு வரும் ஊரில் இந்த எண்ணை நான் மிகப் பெரிதாகவே மதிக்கிறேன்.

இனி, விழக்கூடிய குழிகள்.

பம்ப். எங்கள் ஃபீட் டேங்க் தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. சூடான கண்டன்சேட்டை விட்ட மூன்றாம் நாள் ஃபீட் பம்ப் சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போட்டது, தண்ணீர் ஏறவில்லை, தாழ்மட்ட அலாரம் அடித்து பாய்லர் நின்றது. 85, 90 டிகிரி தண்ணீர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஆவியாகிவிடுகிறது. தொட்டியைப் பம்பிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தி, உறிஞ்சும் குழாயையும் பெரிதாக்கிய பிறகுதான் சரியானது. பம்பின் சீல் அந்தச் சூட்டைத் தாங்குமா என்றும் கேளுங்கள். தொட்டிக்கான இரும்புத் தாங்கியின் செலவை முதல் நாளே கணக்கில் சேருங்கள்.

குழாய். செலவைக் குறைக்கப் பி.வி.சி. போடச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். ஒரே மாதத்தில் தொய்ந்துவிடும். கூடவே, குழாய்க்கு இறக்கம் கொடுத்துப் போடுங்கள். மேலே ஏற்ற வேண்டிய இடத்தில் பம்ப் வையுங்கள். சூடு கட்டுப்படுத்தும் வால்வு உள்ள மெஷினில் அழுத்தம் குறையும்போது டிராப்பால் தண்ணீரை மேலே தள்ள முடியாது. மெஷினுக்குள் தண்ணீர் தேங்கி, குழாய் சுத்தியலால் அடிப்பதுபோல் அதிரும்.

அரிப்பு. சாஃப்ட்னர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் பாய்லருக்குள் சிதைந்து கரியமில வாயுவாகி ஸ்டீமோடு போகும். கண்டன்சேட்டில் கரைந்து அதை அமிலமாக்கும். குழாயின் அடிப்பக்கம் வாய்க்கால்போல் அரித்துப்போகும். கண்டன்சேட்டின் பி.ஹெச். 8-க்கும் 9-க்கும் நடுவே இருக்கும்படி உங்கள் ரசாயன சப்ளையரிடம் மருந்து கேளுங்கள்.

கலப்பு. சாய மெஷினுக்குள் ஸ்டீம் ஓடும் குழாய்ச் சுருளில் (காயில்) ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் சாயம் கண்டன்சேட்டில் கலந்து பாய்லருக்குள் போய்விடும். அப்புறம் பாய்லரில் நுரை தள்ளி, ஸ்டீமோடு தண்ணீரும் வரும். திரும்பும் குழாயில் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டரும் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை அளந்து கலப்பைக் காட்டுவது), அளவு தாண்டினால் தண்ணீரை வெளியே தள்ளும் வால்வும் கட்டாயம் வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையை ஸ்டீமில் வேகவைக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கொட்டையை நேரடியாகத் தொட்ட ஸ்டீமின் தண்ணீரைப் பாய்லருக்குத் திருப்பாதீர்கள், முந்திரி ஓட்டின் எண்ணெய் கலந்திருக்கும். அதன் சூட்டை மட்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மாற்றும் கருவி) வழியாக எடுங்கள்.

## 5. குளிர்விக்கும் தண்ணீரைக் கீழே விடாதீர்கள்

கூலிங் டவருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட் வெப்பமும், அதாவது ஒரு கிலோவாட் மணி, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகிறது. ப்ளோடவுன் அதற்கு மேல். சூட்டை டவருக்கு முன்னாலேயே பிடித்துவிட்டால் இந்தத் தண்ணீரும் மிஞ்சும்.

பாலியெஸ்டர் சாயமிடும்போது 130 டிகிரி வரை ஏற்றி, பிறகு 80 டிகிரிக்கு இறக்குகிறோம். தொட்டியில் 1,500 லிட்டர் இருந்தால் வெளியே எடுக்க வேண்டிய வெப்பம் 75,000 கிலோகலோரி. அதே வெப்பத்தால் 2,500 லிட்டர் சாஃப்ட் தண்ணீரை 30-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். அந்தத் தண்ணீர் சாயத்தைத் தொடுவதில்லை, காயிலின் மறுபக்கம் ஓடுகிறது. ஆகவே டவர் தண்ணீருக்குப் பதில் சாஃப்ட் தண்ணீரை விட்டு, வெளியே வருவதை ஒரு வெந்நீர்த் தொட்டியில் சேர்த்து, அடுத்த சாயத்துக்கும் அலசலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிகக் குறைந்த செலவில் மிக வேகமாகப் பலன் கொடுத்தது இதுதான். அடுத்த சாயம் 30 டிகிரியில் தொடங்காமல் 60-லேயே தொடங்குவதால் நேரமும் குறைந்தது. ஆனால் சில சாயங்களைச் சூட்டில் சேர்த்தால் திட்டுத்திட்டாக ஏறும். சாய மாஸ்டரைக் கேட்காமல் எல்லா மெஷினுக்கும் வெந்நீர் இணைப்பு கொடுத்துவிடாதீர்கள்.

## 6. எகனாமைசர், கம்ப்ரசர் எல்லாம் அப்புறம்

புகையின் சூடு 22 டிகிரி குறைந்தால் எரிபொருள் 1 சதவீதம் குறையும் என்பது பழகிய கணக்கு. ஆனால் எகனாமைசர் வாங்குவதற்கு முன் காற்றின் அளவைச் சரிசெய்து, குழாய்களில் படிந்த கரியைத் துடைத்துவிட்டுப் புகையின் சூட்டை மறுபடி அளந்து பாருங்கள். எங்களுக்கு அதிலேயே சூடு நன்றாக இறங்கி, விற்பனையாளர் காட்டிய லாபத்தில் பாதி போய்விட்டது. கந்தகம் உள்ள எண்ணெய் எரிப்பவர்கள் புகையை ரொம்பவும் குளிரவிட்டால் கந்தக அமிலம் படிந்து உலோகத்தைத் தின்றுவிடும். முந்திரி ஓடு எரிப்பவர்களுக்குப் பிசின் போன்ற கரி படியும். துடைக்க வழியுள்ள அமைப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஸ்க்ரூ கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. எண்ணெய்ச் சுற்றில் எக்ஸ்சேஞ்சர் வைத்தால் 60 டிகிரி வெந்நீர் கிடைக்கும். கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடும் ஆலைக்குச் சரி.

## 7. ஆர்டர் கொடுப்பதற்கு முன் காகிதங்கள்

முதலில் உங்கள் ஆலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். கடலூரிலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரியின் கன்னியக்கோவிலுக்குள் போனால் அலுவலகம் மாறுகிறது, திட்டம் மாறுகிறது. கடலூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் கொதிகலன் இயக்ககம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்டத் தொழில் மையம். சேடரப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனைப் பக்கம் புதுச்சேரியின் தலைமைத் தொழிற்சாலை மற்றும் கொதிகலன் ஆய்வாளர் அலுவலகம், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். பக்கத்து ஆலைக்காரர் சொன்ன படிவத்தை அப்படியே நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

பாய்லரின் உடலிலோ, எகனாமைசரிலோ, ஃபீட் லைனிலோ, 3.5 கிலோவுக்கு மேல் அழுத்தம் உள்ள ஸ்டீம் லைனிலோ கைவைத்தால் முன்அனுமதி வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துவிட்டது, இந்தக் கட்டாயம் மாறவில்லை. அழுத்தம் குறைந்த கண்டன்சேட் குழாய் பொதுவாக இதற்குள் வராது. இருந்தாலும் ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டி, எது வரும் எது வராது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை:

- பாய்லர் பதிவுப் புத்தகம், நடப்பிலுள்ள சான்றிதழ்
- மாற்றம் செய்யும் பகுதியின் வரைபடம்
- எகனாமைசர், வால்வு, குழாய் ஆகியவற்றுக்கு ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை) சான்றிதழ்களும் பொருள் சோதனைச் சான்றிதழ்களும்
- வெல்டிங் செய்பவரின் தகுதிச் சான்றிதழ்
- கட்டணம் கட்டிய ரசீது

மூன்றாவதில்தான் நாங்கள் மாட்டினோம். பொருளில் முத்திரை இருந்தது, காகிதம் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "ஐ.பி.ஆர். சான்றிதழ்கள் மூலப்படியாக வந்த பிறகே மீதிப் பணம்" என்று எழுதுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு ஒப்புதலைப் பொறுத்தவரை, அதில் குறித்துள்ள தண்ணீர் அளவும் கழிவுநீர் அளவும் மாறும் என்பதால் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீரைக் குறைத்தால் கழிவுநீர் அளவு குறையும், அதில் உள்ள சாயமும் உப்பும் குறையாது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் பார்த்தால் எண் ஏறித் தெரியும். சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். சூடான கழிவுநீரிலிருந்து சூட்டை எடுப்பது அவருக்கும் நல்லது, 40 டிகிரிக்கு மேல் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் தாங்காது.

## 8. செலவு, மானியம், கடன்

கண்டன்சேட் வேலைக்கு எங்களுக்கு ஏழு லட்சத்தை ஒட்டி ஆனது. துருப்பிடிக்காத இரும்புத் தொட்டி, அதன் தாங்கி, பம்ப், நூறு மீட்டர் குழாய், காப்பு எல்லாம் சேர்த்து. காப்புக்கான பணத்தை யாரும் முதலில் எழுதுவதில்லை, பிறகு விட்டுவிடுகிறார்கள். காப்பு இல்லாத குழாயில் சூடு வழியிலேயே போய்விடும். விறகில் மட்டும் வருடத்துக்கு ஆறு லட்சம் மிஞ்சுகிறது.

தமிழ்நாட்டுச் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 'பீஸ்' (PEACE) என்ற திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைச் செலவிலும், தணிக்கையில் பரிந்துரைத்த கருவிகளின் விலையிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரி ஆலைகளுக்கு இது கிடையாது. எந்த மாநிலமானாலும் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2025-இல் தொடங்கிய 'அடீட்டி' (ADEETIE) திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். வங்கிக் கடன் வட்டியில் குறு, சிறு ஆலைகளுக்கு 5 சதவீதமும் நடுத்தர ஆலைகளுக்கு 3 சதவீதமும் அரசே ஏற்கிறது. உங்கள் தொழிலும் பகுதியும் அதில் வருகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதுவானாலும் தணிக்கை முதலில், வாங்குவது பிறகு. அங்கீகாரம் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரின் அறிக்கையில் இல்லாத கருவிக்குப் பணம் கேட்டு நிற்காதீர்கள். நாங்கள் எகனாமைசருக்கு அப்படித்தான் இழந்தோம். பில், வங்கி வழியே பணம் கட்டிய ஆதாரம், கருவி நிறுவியதற்கான சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆடிட்டரிடம், எரிசக்தி மிச்சப்படுத்தும் கருவிகளுக்கான தேய்மானச் சலுகையையும் கேளுங்கள்.

## 9. எந்த மாதத்தில் செய்வது?

பாய்லரை வருடாந்திர ஆய்வுக்கு நிறுத்தும் நாட்களில் இணைப்பு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு முறை நிறுத்தினால் அந்த உற்பத்தி நஷ்டமே ஒரு பம்பின் விலைக்கு வரும். அதற்கு நான்கு மாதம் முன்பு தணிக்கை, மூன்று மாதம் முன்பு வரைபடமும் அனுமதி விண்ணப்பமும், அனுமதி கையில் வந்ததும் ஆர்டர். தொட்டி, தாங்கி, குழாய் எல்லாவற்றையும் ஆலை ஓடும்போதே அமைத்துவிடலாம். நிறுத்தும் நாட்களுக்கு இணைப்பு வெல்டிங்கை மட்டும் மிச்சம் வையுங்கள்.

காப்பு வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். குழாயைச் சுற்றும் ராக்வூல் (கல் பஞ்சு) ஒரு தடவை மழையில் ஊறினால் காப்பும் போச்சு, உள்ளே குழாயும் துருப்பிடிக்கும். நம் உப்புக் காற்றுக்கு மேல் தகடு அலுமினியமாக இருக்கட்டும், மடிப்புகள் மழை இறங்காதபடி கீழ்நோக்கி இருக்கட்டும்.

## 10. ஓடத் தொடங்கிய பிறகு

முதல் மாதம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை: கண்டன்சேட் திரும்பும் அளவு, ஃபீட் டேங்க் சூடு, கண்டன்சேட் பி.ஹெச்., கண்டக்டிவிட்டி. டி.டி.எஸ். குறைந்ததும் ப்ளோடவுனையும் குறைக்க மறக்காதீர்கள். பழைய பழக்கத்தில் ஷிஃப்டுக்கு மூன்று தடவை திறந்துகொண்டே இருந்தால் மிஞ்ச வேண்டிய சூடான தண்ணீர் அந்த வால்வு வழியே போய்விடும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாய்லர் டி.டி.எஸ்.-ஐ அளந்து பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள். பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மட்டக்கண்ணாடியைச் சோதிப்பது மட்டும் வழக்கம்போலவே தொடர வேண்டும், அதைக் குறைக்கவே கூடாது.

ஃபீட் டேங்க் சூடு காரணமில்லாமல் 95-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு டிராப் திறந்துவிட்டது, பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 60-க்குக் கீழே இறங்கினால் கண்டன்சேட் எங்கேயோ வெளியே போகிறது. பெரும்பாலும் யாரோ அவசரத்துக்குத் திறந்த டிரெயின் வால்வை மூடாமல் விட்டிருப்பார்கள்.